மலையாற்றில் குடியேறிய மீன்

நிலத்தை ஐந்தாகப் பகுத்து வாழ்வுக்கு இலக்கணம் கண்ட நம் முன்னோர், மீன் பிடித்தலை நெய்தலுக்கு உரிய தொழிலாக வைத்தனர். குறிஞ்சிக்கு அவர்கள் வைத்தவை தினைப்புனங் காத்தலும், தேனெடுத்தலும், கிழங்ககழ்தலுமே. மலையுச்சியின் குளிர்ந்த ஓடையிலே இடுப்பளவு நீரில் நின்று, நாள் முழுவதும் தூண்டில் வீசி, பிடித்த மீனை விலை கூறாமலும், சில வேளை உண்ணாமலும், மீண்டும் நீரிலேயே விட்டு மகிழ்வானொருவனைத் தொல்காப்பியர் கண்டிருப்பின், அவனை எத்திணையில் சேர்ப்பது என்று சற்றே திகைத்திருப்பார். ஆயினும், நம் தமிழகத்துக் குறிஞ்சி நிலமாகிய நீலகிரியில் அத்தகைய மாந்தர் தோன்றினர். அவர்கள் பொருட்டு, கடல் கடந்து ஒரு மீனும் வந்து குடியேறியது. அதுவே ‘டிரௌட்’ எனப்படும் மீன்.

இந்திய ஆறுகள் எதிலும் இயற்கையாக வாழாத இம்மீன் எவ்வாறு இங்கு வந்தது, எத்தனை முறை வழியிலேயே மாண்டது, இறுதியில் எதனால் நிலைத்தது என்னும் வரலாறு சுவை மிக்கது. பிறந்த மண்ணைவிட்டு வங்கத்தில் வந்து வேரூன்றிய நமக்கு, குடியேற்றத்தின் கதை எதுவாயினும் தனிச்சுவை உடையதன்றோ? இக்கதையில் கொல்கத்தாவுக்கும் ஒரு பங்கு உண்டு.

தூண்டிலும் இறகும்

டிரௌட் தண்ணீரின் தூய்மையையும் தண்மையையும் ஒருசேர விரும்பும் மீன். நீரின் வெப்பம் 20 பாகைச் செல்சியசைத் தாண்டினால் அது வாடத் தொடங்கும். கற்களின்மேல் துள்ளியோடும் நீரில் உயிர்க்காற்று மிகுதியாகக் கலந்திருப்பதால், மலையாறே அதற்கு ஏற்ற இல்லம். ஐரோப்பாவில் இளவேனில் பிறந்து பனியுருகியதும், ஆற்றடியில் புழுவாய்க் கிடந்த பூச்சிகள் சிறகு முளைத்து நீர்ப்பரப்பில் எழும். அவற்றைக் கவ்வ மீன்கள் மேலே வரும். அப்பூச்சியைப் போலவே இறகாலும் நூலாலும் ஒரு பொய்ப்பூச்சி செய்து, அதனுள் முள்ளை மறைத்து, நீரின்மேல் மெல்ல விழுமாறு வீசி மீனை ஏமாற்றுவதே பூச்சித் தூண்டிற் கலை. நம் இலக்கணம் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்கிறது. அத்திங்கள்களே ஐரோப்பிய ஆறுகளிலும் இவ்விளையாட்டின் பொற்காலம் ஆதல் இனிய ஒற்றுமை.

இக்கலை மிகப் பழையது. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஏலியன் என்னும் உரோமானிய நூலாசிரியர், மாசிடோனியா நாட்டினர் முள்ளின்மேல் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இறகுகளைக் கட்டி மீன் பிடித்த முறையை எழுதிவைத்தார். இங்கிலாந்தில் 1653-ஆம் ஆண்டு ஐசக் வால்டன் வெளியிட்ட தூண்டில் நூல் உலகப் புகழ் பெற்றது. அதன் 1676-ஆம் ஆண்டுப் பதிப்பில், பூச்சித் தூண்டிலைப் பற்றிய பகுதியைச் சார்லஸ் காட்டன் எழுதிச் சேர்த்தார்.

இவ்விடத்தில் நாம் பெருமிதத்தோடும் சிறிது வருத்தத்தோடும் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பற் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகில், மெழுகு பூசினாற்போல் மின்னும் வெண்மஞ்சள் பொட்டுகள் இருக்கும். பொய்ப்பூச்சி கட்டுவோர் அதனை மீனின் கண்போலும் பூச்சியின் சிறகுபோலும் அமைத்துப் பெரிதும் விரும்பினர். ஆதலால் நம் மலைக்காட்டுச் சேவலின் இறகு கப்பலேறி மேனாட்டு ஆறுகளுக்குச் சென்றது. பறவைத் தோல்களும் இறகுகளும் இவ்வாறு ஏற்றுமதியாவதற்கு இந்திய அரசு 1902-இல் தடை விதித்தது. மீன் இங்கு வேரூன்றுவதற்கு முன்பே, அதைப் பிடிக்கும் இறகு இங்கிருந்து அங்கே சென்றுவிட்டது.

பனிக்கட்டி வந்த வழி

உயிருள்ள மீனைக் கடல் வழியே கொண்டுவருதல் எளிதன்று. அதன் முட்டையைக் கொண்டுவருதலோ ஓரளவு இயலும். டிரௌட்டின் முட்டை குளிரில் மெல்லவே வளரும். 10 பாகைச் செல்சியசு வெப்பமுள்ள நீரில் பழுப்பு டிரௌட்டின் முட்டை பொரிய ஏறத்தாழ ஒன்றரைத் திங்கள் ஆகும். குளிர் மிகுந்தால் இன்னும் நாளாகும். ஆகவே முட்டையைப் பனிக்கட்டியின் அருகிலே வைத்தால், அதன் வளர்ச்சியை ஏறக்குறைய உறங்கவைத்து நெடுந்தொலைவு கொண்டு செல்லலாம். எனவே, டிரௌட்டின் வரலாறு பனிக்கட்டியின் வரலாற்றோடு பின்னியது.

பனிக்கட்டி வாணிகத்தில் கொல்கத்தாவுக்குத் தனியிடம் உண்டு. 1833-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘டஸ்கனி’ என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு திங்களுக்குப்பின் ஹூக்ளி ஆற்றில் அது நுழைந்தபோது, 100 டன் அளவு உருகாமல் எஞ்சியிருந்தது. இவ்வாணிகத்தை நடத்தியவர் பிரடெரிக் டியூடர். பனியை இறக்கித் தந்த முகவருக்கு அன்றைய ஆளுநர்-தலைவர் வில்லியம் பெண்டிங்கு பிரபு பொன்முலாம் பூசிய வெள்ளிக் கிண்ணம் பரிசளித்தார். அடுத்த ஆண்டாகிய 1834-இல் அவரே உதகமண்டலத்தில் தங்கி, அங்கு மெக்காலேயைச் சந்தித்தார் என்பது, இவ்விரு ஊர்களும் அக்காலத்திலேயே எத்துணை நெருங்கியிருந்தன என்பதைக் காட்டும். சென்னையில் 1842-இல் எழுந்த டியூடரின் பனிக்கட்டி மாளிகையே, 1897-இல் விவேகானந்த அடிகள் தங்கியமையால் இன்று விவேகானந்தர் இல்லம் எனப் போற்றப்படுகிறது.

பனிக்கட்டியின் துணையால் மீன்முட்டையைக் கடல் கடத்துவதில் முதற்பெரும் வெற்றி ஆஸ்திரேலியப் பகுதியில் கிட்டியது. பலமுறை தோற்றும் தளராத ஜேம்ஸ் யூல் என்பவர், துளையிட்ட மரப்பெட்டிகளில் ஈரப்பாசி பரப்பி, முட்டைகளை அதனுள் வைத்து, பெட்டிகளைப் பனிக்கட்டியறையில் அடுக்கி, 1864 ஜனவரியில் ‘நார்போக்’ கப்பலில் அனுப்பினார். மூன்று திங்கள் கடந்து சென்ற அம்முட்டைகளுள் டிரௌட் முட்டைகள் ஏறத்தாழ 3,000. டாஸ்மேனியாவில் பொரித்தவை ஏறத்தாழ 300. அம்முந்நூறின் வழித்தோன்றல்களே பின்னர்த் தென்னுலக ஆறுகள் பலவற்றில் பரவின.

நாற்பதாண்டுத் தோல்வி

டாஸ்மேனிய வெற்றிக்கு ஓராண்டு முன்பே, 1863-இல், நீலகிரிக்கு டிரௌட்டைக் கொண்டுவரும் முயற்சி தொடங்கிவிட்டது. அதனை மேற்கொண்டவர் சென்னைப் படையின் மருத்துவராகிய பிரான்சிஸ் டே. அம்முயற்சி வீணாயிற்று. 1866-இல் மீண்டும் முயன்றார், அதுவும் பலிக்கவில்லை. ஆனால் டே வெறுங்கையராய் நின்றுவிடவில்லை. பின்னர் இந்திய மீன்வளத் தலைமை ஆய்வாளராகி நாடெங்கும் சுற்றி, 1875 முதல் 1878 வரை அவர் வெளியிட்ட ‘இந்திய மீன்கள்’ என்னும் பெருநூல் இன்றும் அத்துறையின் அடிப்படை. அவர் திரட்டிய மீன்களுள் ஒரு பகுதி நம் கொல்கத்தா இந்தியப் பொருட்காட்சிச்சாலையைச் சேர்ந்தது. கங்கை மீன்களைப்பற்றி 1822-இல் நூல் எழுதிய பிரான்சிஸ் புக்கானனின் வழியில் வந்தவர் அவர். அப்புக்கானனும் 1800-இல் மைசூர், கோயம்புத்தூர்ப் பகுதிகளைச் சுற்றிப் பார்த்தவரே.

டேயின் காலத்தவரான ஹென்றி சலிவன் தாமஸ் தென்கன்னட மாவட்ட ஆட்சியராக இருந்து, மீன் வளர்ப்பிலும் ஆய்விலும் ஈடுபட்டவர். 1873-இல் இந்தியத் தூண்டிற் கலையைப் பற்றி அவர் எழுதிய நூல் பல பதிப்புகள் கண்டது. அயல்நாட்டு டிரௌட்டை எண்ணி ஏங்குவாரிடம், இந்நாட்டு ஆறுகளில் வாழும் மகாசீர் மீனின் ஆற்றல் அதற்குச் சிறிதும் இளைத்ததன்று என்று எடுத்துக்காட்டியவர் அவர். 1887-இல் குளத்து மீன் பிடித்தலுக்கெனவே தனிநூல் எழுதினார். வங்கத்துப் ‘புக்கூர்’க் கரைகளில் மழைக்குடை விரித்து மணிக்கணக்கில் தக்கையைப் பார்த்திருக்கும் அன்பர்கள் அந்நூலாசிரியரைத் தம்மவராகவே கொள்ளலாம்.

மீன் வரவில்லை, சட்டம் மட்டும் முந்திவந்தது. 1877-இல் நீலகிரி வேட்டைச் சங்கம் அமைந்தது. 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வகைதொகையின்றிக் கொல்லுதலைத் தடுத்ததால் காட்டுயிர்க்கு நன்மை விளைந்தது என்பதை மறுக்க இயலாது. ஆயினும், அதன்பின் காடும் ஓடையும் உரிமச்சீட்டு உடையவர்க்கே விளையாட்டுக்களம் ஆயின.

அவ்வோடைகளுக்கு வேறு உரியோரும் இருந்தனர். நீலகிரியின் தோடர்கள் எருமை வளர்ப்போர், மரபால் புலாலுண்ணாதவர். பைக்காரா ஆறும் அவலாஞ்சி ஆறும் அவர்களுக்கு வெறும் நீரோட்டங்கள் அல்ல, அவை தெய்வங்கள். 1901-02-இல் அவர்களிடையே ஆராய்ந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், 1906-இல் வெளியிட்ட ‘தோடர்கள்’ என்னும் நூலில், அவ்வாறுகளைக் கடக்கும்போது தோடர் தம் போர்வையிலிருந்து வலக்கையை வெளியே எடுத்து வணக்கம் காட்டுவதை எழுதியுள்ளார். ஒரே ஆறு, ஒருவர்க்குத் தெய்வம். மற்றொருவர்க்கு விளையாட்டுத் திடல். இவ்விரு நோக்கும் ஒரே கரையில் எதிரெதிரே நின்றன. ஆனால் சட்டம் எழுதும் கை எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதில் ஐயமில்லை.

அவலாஞ்சி தந்த வெற்றி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணம் மீன்வளத்துறையில் முன்னணியில் நின்றது. கூட்டுறவு இயக்கத்திற்கு வித்திட்ட சர் பிரடெரிக் நிக்கல்சனே அத்துறைக்கும் வழிகாட்டி. மீன் வளர்ப்பில் வல்லுநராக வந்த எச். சி. வில்சன் 1906-இல் நீலகிரியில் பணி தொடங்கினார். 1907-இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைந்தது. முன்னையோர் பழுப்பு டிரௌட்டையே நம்பியிருந்தனர். 1909-10-இல் இலங்கையிலிருந்தும் ஜெர்மனி முதலிய நாடுகளிலிருந்தும் வானவில் டிரௌட்டின் முட்டைகள் தருவிக்கப்பட்டன. வட அமெரிக்காவின் மேற்குக் கரையைத் தாயகமாகக் கொண்ட, உடலின் நெடுக்கே செந்நிறப் பட்டை ஓடும் இவ்வினம், பழுப்பு டிரௌட்டைவிடச் சற்று மிகுந்த வெப்பத்தையும் தாங்கும். முட்டையும் விரைவில் பொரியும். நீலகிரி நில நடுக்கோட்டுக்கு 11 பாகை வடக்கே, வெப்ப மண்டலத்தின் நடுவே உள்ளது. அதன் குளிர் உயரத்தால் வந்ததேயன்றி வடதிசையால் வந்ததன்று. அந்நீரின் இயல்பை அறிந்து, அதற்கேற்ற இனத்தைத் தேர்ந்தவுடன் நாற்பதாண்டுத் தோல்வி நீங்கிற்று.

வெற்றியின் பெரும்பகுதி பொரிநிலையத்தின் பொறுமையில் இருந்தது. முதிர்ந்த பெண்மீனின் வயிற்றை மெல்ல நீவி முட்டைகளை உலர்ந்த தட்டில் சேர்ப்பர். ஆண்மீனின் விந்தை அதன்மேல் பீய்ச்சி, இறகொன்றால் இதமாகக் கலப்பர். பின்னரே நீர் சேர்ப்பர். இம்முறையை 1856-இல் கண்டவர் உருசிய நாட்டினர் விராஸ்கி. பின்னர் ஓடும் நீரில் தட்டுகளை வைத்து, நாள்தோறும் இறந்த முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து எறியவேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் அதில் பற்றிய பூஞ்சை அண்டையிலுள்ள உயிர்முட்டைகளையும் அழிக்கும். பனி பெய்யும் இரவில் நீர் நின்றுவிடாமல் காவலிருக்கவும் வேண்டும். வரலாற்று நூல்கள் டே, வில்சன் என்னும் பெயர்களை உரைக்கின்றன. உறையும் நீரில் விரல் மரத்து இவ்வேலையைச் செய்த கைகளோ எண்ணற்றவை.

காசுமீரத்திலும் கதை இவ்வாறே நடந்தது. 1899-இல் வந்த முதல் முட்டைத் தொகுதி அழிந்தது. 1900-இல் வந்தது பிழைத்தது. ஸ்ரீநகரில் கம்பளத் தொழிற்சாலை நடத்திய மிட்செல் என்பவர் அதனைப் பேணினார். இலங்கை மலையகத்தில் 1882-லேயே பழுப்பு டிரௌட் இறங்கியது. மூணாற்று உயர்நிலத்தில் தேயிலைத் தோட்டத்தார் ஓடைகளில் டிரௌட்டை விட்டு, இராஜமலையில் பொரிநிலையம் வைத்தனர். அம்மலைகளில் தேயிலை பறித்தவர்களும் பெரும்பாலும் தமிழர்களே. ஆக, மேனாட்டு மீனும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே நூற்றாண்டில் ஒரே மலைகளில் குடியேறினர். மீனுக்கு முன்கூட்டியே சட்டப் பாதுகாப்பு இருந்தது; தொழிலாளிக்கு அது நெடுங்காலம் கழித்தே வந்தது.

வழிமறந்த உல்லம்

அதே வில்சன் 1909-இல் கொள்ளிடக்கரையில் மற்றொரு மீனின் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்கச் செய்ய முயன்றார். அது வங்க மக்கள் உயிரினும் மேலாகப் போற்றும் இலிஷ். தமிழில் அதற்கு உல்லம் என்று பெயர். கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆற்றின் மேல்நோக்கி நீந்தும் இம்மீன், ஒருகாலத்தில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஏறி வந்தது. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே எழுந்த கீழணை, உழவுக்கு வளம் சேர்த்தது, உல்லத்துக்கோ வழியடைத்தது. 1934-இல் மேட்டூர் அணை நிறைவெய்தி வெள்ளப்பெருக்கை மாற்றியபின் காவிரியின் உல்லம் மிகவும் அருகியது. வில்சனின் முயற்சி நிலைத்த பயன் தரவில்லை.

இங்கே சற்று நின்று எண்ணவேண்டும். ஒரே வல்லுநர், ஒரே ஆண்டுகள், ஒரே மாகாணம். கடல் கடந்து வந்த விருந்தாளி மீனுக்கு வீடு அமைந்தது. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வந்துபோன சொந்த மீனுக்கு வீட்டுக்குச் செல்லும் வழி அடைபட்டது. திறமையில் குறைவில்லை. டிரௌட் ஓர் ஓடையில் பிறந்து அதே ஓடையில் வாழ வல்லது; ஆதலால் பொரிநிலையம் ஒன்று போதும். உல்லத்துக்கோ கடல் முதல் மேலாறு வரை தடையற்ற வழி முழுவதும் வேண்டும். குஞ்சு பொரித்துக் கொடுத்தல் எளிது. வழியைத் திறந்து கொடுத்தல் அரிது.

இதே துன்பத்தை வங்கமும் பட்டது. 1975-இல் கங்கையின் குறுக்கே பராக்கா அணை இயங்கத் தொடங்கியபின், ஒருகாலத்தில் பிரயாகை வரை சென்ற இலிஷ் மேலேறுதல் பெரிதும் தடைப்பட்டது. 1947-இல் தோன்றி, நம் அண்டையிலுள்ள பாரக்பூரில் இயங்கும் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையம், இலிஷ் மீனை இனப்பெருக்கவும் பராக்காவுக்கு மேலே விடவும் முயன்று வருகிறது. கொள்ளிடத்தில் நூறாண்டுக்கு முன் எழுந்த வினாவுக்கு ஹூக்ளிக்கரையில் விடை தேடப்படுகிறது.

இன்றைய நிலை

நீலகிரி ஓடைகளின் உருவும் மாறியது. 1932-இல் பைக்காரா மின்னிலையம் இயங்கியது. 1950-களின் பிற்பாதியில் கனடா நாட்டு உதவியுடன் குந்தாத் திட்டம் தொடங்கியது. அவலாஞ்சியும் எமரால்டும் நீர்த்தேக்கங்கள் ஆயின. தெய்வமாயிருந்து விளையாட்டுக்களமான ஆறு மின்விளக்காகவும் ஆயிற்று. 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக் காலத்துக்கு முடிவு கட்டியது. வேட்டைச் சங்கம் காட்டுயிர் காக்கும் சங்கமாகப் பெயரும் நோக்கும் மாறியது. வரையாடுகள் உலவும் முக்கூர்த்தி 1990-இல் தேசியப் பூங்காவாயிற்று.

அறிஞர் கருத்தும் மாறியுள்ளது. உலகின் மிகக் கேடான நூறு அயலினங்களைத் தொகுத்த பட்டியலில், பழுப்பு டிரௌட், வானவில் டிரௌட் இரண்டுமே இடம்பெற்றுள்ளன. தம் நாட்டில் ஒழுங்காய் வாழும் இவை, புதுநீரில் சிறு மீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் உண்டு ஒழிக்க வல்லவை. மற்றொரு புறம், காசுமீரத்திலும் இமாசலத்திலும் டிரௌட் வளர்ப்பு மலைவாணர் பலருக்குப் பிழைப்பு அளிக்கிறது. ஆதலால் அம்மீனைப் பழிப்பதும் வேண்டா. கண்மூடிப் போற்றுவதும் வேண்டா. அது தானாக வரவில்லை, கொண்டுவரப்பட்டது. பொறுப்பு கொண்டுவந்தவர்க்கே உரியது.

ஆற்றில் ஒன்றைப் புதிதாக இடுவதற்கு முன்னும், ஆற்றை மறிப்பதற்கு முன்னும், அதில் யார் யார் வாழ்கின்றனர், யார் யார் அதை வணங்குகின்றனர், எவ்வுயிர் அதன் வழியே வீடு திரும்புகின்றது என்று கேட்டறிதல் வேண்டும். வில்சன் நீரின் தட்பவெப்பத்தைக் கேட்டறிந்தார்; வென்றார். தோடரை எவரும் கேட்கவில்லை. உல்லத்தைக் கேட்டவர்களோ காலம் தாழ்ந்தே கேட்டனர். நம் பிள்ளைகள் விடுமுறையில் உதகைக்குச் செல்லும்போது மலர்க்காட்சியோடு நின்றுவிடாமல், அவலாஞ்சி நீர்க்கரையையும் காணட்டும். ஆடித் திங்களில் லேக் மார்க்கெட்டின் கூடைகளில் வெள்ளியாய் மின்னும் இலிஷைக் காணும்போது, மீனுண்பாரும் உண்ணாதாரும், அதற்குக் காவிரிக்கரையில் உல்லம் என்றொரு தமிழ்ப்பெயர் உண்டு என்பதைத் தம் மக்களுக்குச் சொல்லட்டும். மீன் மறைந்த ஆற்றில் அதன் பெயரும் மறைந்துவிடுதல் கூடாது.